நிராகரிப்பு மெயில் என் அப்பா பெயருக்கு வந்தது

துரைப்பாக்கம்_ஸ்டாப் | செவ்வாய், இரவு 11.48

நம் ஆட்களில் பாதிப் பேருக்கு நடந்திருக்கும். வேலைக்கான ஃபார்மில் "கடைசிப் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. எனக்கு இருப்பது ஓர் இனிஷியல். ஒற்றை எழுத்தைப் போட்டால் "குறைந்தது 2 எழுத்து வேண்டும்" என்று சிவப்பில் காட்டும். அதனால் அப்பாவின் பெயரை முழுசாக எழுதிவிடுவேன். ஏழு மாதமாக எல்லா இடத்திலும் அப்படித்தான்.

நேற்று இரவு 1.20க்கு ஒரு டெஸ்டிங் வேலைக்குப் போட்டேன். 1.26க்குப் பதில் வந்துவிட்டது. "அன்புள்ள" என்று தொடங்கி, அடுத்து அப்பாவின் பெயர். உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், உங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது, ஆனாலும் இந்த முறை முடியவில்லை, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள், இத்யாதி. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. மனிதர் 31 வருடம் ஒரே கம்பெனியில் லேத் ஓட்டினார், யாரிடமும் போய் வேலை கேட்டு நின்றதில்லை. அவர் வாங்கிய முதல் "வேண்டாம்" என் தயவில்தான்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அம்மா முழித்துக்கொள்ளக் கூடாதே என்று.

காலையில் அம்மா கேட்டார். "யாரு வேணாம்னு சொன்னா?" கம்பெனியில்தான் என்றேன். "கம்பெனியில யாரு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏழு மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், ஒரு மனிதக் குரலைக் கேட்டது நான்கு முறை, அதில் இரண்டு கன்சல்டன்சி ஆட்கள், ஒருவர் இன்சூரன்ஸ் விற்றார். இன்டர்வியூவில் சொதப்பித் தோற்றுப்போயிருந்தால்கூட இவ்வளவு வலிக்காது என்று தோன்றுகிறது. அங்கே நான் போயிருப்பேன், உட்கார்ந்திருப்பேன், சொதப்பியிருப்பேன். இங்கே நான் எங்கேயும் போகவே இல்லை.

உங்களுக்கு எப்படி? அறிவுரை வேண்டாம், ரெஸ்யூமே டிப்ஸ் வேண்டவே வேண்டாம்.

---

ராயபுரம்_ரயில் | செவ்வாய், இரவு 11.59

இதே கதை. ராத்திரி 2.05.

---

நிழல் | புதன், அதிகாலை 12.10

எனக்கு "அன்புள்ள முதற்பெயர்" என்றே வந்தது. பெயர் வர வேண்டிய இடத்தை நிரப்பாமலேயே அனுப்பிவிட்டார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், இப்போது வாட்ஸ்அப்பில் என் டிபி அதுதான்.

---

அரியர்_மன்னன் | புதன், அதிகாலை 12.31

அக்கா, நான் 2024 பேட்ச், இன்னும் ஃப்ரெஷர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அரியர் எல்லாம் கிளியர் பண்ணியாச்சு.

வீடு வியாசர்பாடி, ஒரே ரூம். ஆன்லைன் டெஸ்ட் எழுதும்போது கேமரா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், கண் கொஞ்சம் அந்தப் பக்கம் போனாலும் எச்சரிக்கை வரும், மூன்று எச்சரிக்கை வந்தால் டெஸ்ட் குளோஸ். அன்றைக்கு தங்கச்சியை ஸ்கூலுக்கு அனுப்பி, அப்பாவை வெளியே போகச் சொல்லி, ஃபேனை நிறுத்தி (சத்தம் வந்தால் அதற்கும் ஒரு எச்சரிக்கை), மே மாத வெயிலில் உட்கார்ந்தேன். குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. முதல் எச்சரிக்கை. வியர்வையைத் துடைக்க முகத்தைத் திருப்பினேன். இரண்டு. அம்மா, பாவம், பிள்ளை இரண்டு மணி நேரமாக ஒன்றும் குடிக்கவில்லையே என்று சத்தமே இல்லாமல் வந்து டேபிளில் மோர் டம்ளரை வைத்தார். அவ்வளவுதான். "இரண்டாவது நபர் கண்டறியப்பட்டார்."

டெஸ்ட் போனது பரவாயில்லை அக்கா. ஒரு வாரம் அம்மா "என்னாலதானே, என்னாலதானே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரிடமாவது போன் பண்ணி "சார், அது எங்க அம்மா, மோர் கொடுக்க வந்தாங்க" என்று சொல்லியிருந்தால் எந்த மனுஷனாக இருந்தாலும் சிரித்திருப்பான், இன்னொரு தடவை எழுத விட்டிருப்பான் இல்லையா. நம்பரே கிடையாது. மெயில் போட்டால் இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று திரும்பி வருகிறது.

அந்த வீடியோ இன்டர்வியூ இன்னும் மோசம். எதிரில் ஆளே இல்லை. திரையில் கேள்வி வரும், யோசிக்க 30 விநாடி, பேச 2 நிமிடம், நம் முகத்தையே பார்த்து நாமே சிரித்துக்கொண்டு பேச வேண்டும். கல்யாண வீட்டு போட்டோகிராபராவது "தம்பி, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்வார்.

---

எச்ஆர்_பேசுறேன் | புதன், காலை 8.15

திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன். கிண்டியில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன், ஒன்பது வருடம்.

ஒரு ரோபோ உங்கள் ரெஸ்யூமேயை வரி வரியாகப் படித்துவிட்டு முகம் சுளித்துத் தூக்கிப் போடுகிறது என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை அது அதைவிடச் சப்பையானது. ஃபார்மில் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், 10, 12, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் உண்டா என்று கேட்கிறோம் இல்லையா, அதில் நாங்கள் வைத்த எல்லைக்கு வெளியே ஒரு பதில் வந்தால் அங்கேயே கதவு சாத்திக்கொள்ளும். 6 நிமிடத்தில் வந்த மெயில் அநேகமாக அதுதான், தோழி. மிச்சம் இருப்பவர்களுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்தும். நான் மேலே இருக்கும் நாற்பது ஐம்பது பேரைப் பார்ப்பேன், ஆள் அமைந்துவிட்டால் அதோடு நிறுத்திவிடுவேன். கீழே இருக்கும் ஆயிரம் பேரை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. திறந்தே பார்க்கவில்லை. கடைசியில் "இடம் நிரம்பியது" என்று ஒரு பட்டனை அமுக்குவேன், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் "கவனமாகப் பரிசீலித்தோம்" போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கதவு சாத்திய அந்த நிமிடமே மெயில் போனால் மனசு கஷ்டப்படுமே என்று, இரண்டு நாள் கழித்துப் போகும்படி எங்கள் கருவியில் வைத்துக்கொள்ளலாம். நான் வைத்திருக்கிறேன். இரக்கம் என்று நினைத்துத்தான் வைத்தேன்.

எங்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். ஒரு விளம்பரம் போட்டால் மறுநாளே ஆயிரத்தைத் தாண்டுகிறது, நாங்கள் இரண்டே பேர். இப்போது விண்ணப்பிப்பவர்களும் ஏஐயிடம்தான் எழுதி வாங்குகிறார்கள், நூறு கவர் லெட்டரில் அறுபது ஒரே மாதிரி தொடங்குகிறது, சிலர் தானாகவே நூறு இடத்துக்கு விண்ணப்பம் போடும் மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் மெஷின்தான் பேசிக்கொள்கிறது.

---

ராயபுரம்_ரயில் | புதன், காலை 8.40

> இரக்கம் என்று நினைத்துத்தான் வைத்தேன்

அந்த இரண்டு நாளும் நாங்கள் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம் சார். குளிக்கப் போகும்போதுகூட வாசல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனேன். உங்கள் இரக்கம்.

---

எச்ஆர்_பேசுறேன் | புதன், காலை 9.02

சார் இல்லை, மேடம். ஆனால் நீங்கள் சொல்வது உறைக்கிறது. மறுக்கவில்லை.

---

பழைய_பேப்பர் | புதன், காலை 10.20

வணக்கம் பிள்ளைகளே. எனக்கு 63. சாந்தோம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு பண்ணி அட்டை வாங்கிய தலைமுறை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் சீனியாரிட்டி போய்விடும் என்ற பயத்திலேயே எத்தனை வருடம் ஓடியது தெரியுமா. புதன்கிழமை ஹிந்து பேப்பரில் வேலை விளம்பரம் வரும், டீக்கடையில் அந்தப் பக்கம் மட்டும் நாலு கை மாறிக் கசங்கியிருக்கும். கார்டு வரும் என்று தபால்காரரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது எல்லாம் உண்டு, அதனால் எங்கள் காலம் பொற்காலம் என்று கதை விடமாட்டேன். வராத கடிதம் அப்போதும் வரவில்லைதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1986ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு இன்டர்வியூ போனேன். மேனேஜர் கையில் வெல்டிங் ராடைக் கொடுத்தார், என் கை நடுங்கியது. "தம்பி, உனக்கு வெல்டிங் வராது, சர்டிஃபிகேட்ல பொய் எழுதியிருக்க, ஆறு மாசம் எங்கயாவது கத்துக்கிட்டு வா" என்றார், அங்கே இருந்த எல்லோருக்கும் முன்னால். அந்த ஆளை நான் இருபது வருடம் திட்டியிருக்கிறேன். சாப்பிடும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, தூக்கம் வராதபோதெல்லாம் அவர் மீசையை நினைத்துத் திட்டுவேன். வெல்டிங்கும் கற்றுக்கொண்டேன், அவர் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்றே. உங்களுக்குத் திட்டக்கூட ஒரு மீசை இல்லையே என்றுதான் இதைப் படிக்கும்போது தோன்றியது. ஆள் கிடைக்காத கோபம் தன் பக்கமே திரும்பிவிடும் அம்மா.

---

கூடுவாஞ்சேரி_லோக்கல் | புதன், மதியம் 1.05

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். உங்கள் மீசைக்காரர் வெல்டிங் வரவில்லை என்றுதான் சொன்னார். எனக்கு வாய்த்த முகங்கள் வேறு.

என் முதல் இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜாவா பற்றி இரண்டு கேள்வி. அப்புறம் "சொந்த ஊர் எது?" சொன்னேன். "ஊருக்குள்ளயா, வெளியயா? எந்தத் தெரு?" தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கேள்வி எதற்கு என்று. அப்பா என்ன பண்றார், குலதெய்வம் எது. தட்டிக்கொடுக்கிற மாதிரி தோளைத் தடவிப் பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று எங்கள் சித்தப்பா காலத்துக் கதை ஒன்று உண்டு, நான் சிரித்திருக்கிறேன், அன்றைக்கு சிரிப்பு வரவில்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது கம்ப்யூட்டர் திருத்திய ஆப்டிட்யூட் டெஸ்ட். அதற்கு என் தெரு தெரியாது. அதனால் மனிதர்கள் போதும், மெஷின் வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, அடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நேர்மையாக இருக்காது. போன வருடம் வேலை மாற முயன்றேன். குரலைக் கேட்டு மார்க் போடும் ஒரு டெஸ்ட். இங்கிலீஷில் தினமும் அமெரிக்கக் கிளையன்டோடு பேசுகிறவன் நான், ஆறு வருடமாக அவர்களுக்குப் புரிகிறது. மெஷின் 100க்கு 38 போட்டது. எது தப்பு, எந்த வார்த்தை, ஒன்றும் இல்லை, வெறும் 38. இப்போது ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் வாயைத் திறப்பதற்கு முன் அந்த நம்பர் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அந்த மூன்று பேரிடம் எனக்குக் கோபம் வந்தது, தலை குனியவில்லை. 38ஐப் பார்த்துத்தான் குனிந்தேன். தெருவைக் கேட்டவன் அயோக்கியன் என்று தெரியும், நம்பரை என்னவென்று சொல்வது?

---

மாடிவீட்டு_மணி | புதன், மாலை 5.48

மெஷினுக்குத் தெரு தெரியாது என்ற இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நேரடியாகத் தெரியாது. பழைய ஆட்களின் தேர்வுகளைக் காட்டிப் பழக்கினால் தானாகவே கண்டுபிடித்துவிடும். அமேசான் உள்ளுக்குள் ஒரு கருவி செய்துபார்த்தது, பத்து வருட ரெஸ்யூமேக்களைக் கொடுத்துப் பழக்கினார்கள், வந்தவர்களில் பெரும்பாலும் ஆண்கள். விளைவு, "பெண்கள்" என்ற சொல் ரெஸ்யூமேயில் எங்கேயாவது வந்தால் மார்க்கைக் குறைத்தது, பெண்கள் செஸ் கிளப் தலைவி என்பது போல எழுதினாலும். இரண்டு பெண்கள் கல்லூரிகளில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. கைவிட்டுவிட்டார்கள், 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தியாக வந்தது. ராணி மேரியில், எத்திராஜில் படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். இங்கே பெயர், ஊர், கல்லூரி, பின்கோடு எல்லாம் ரெஸ்யூமேயில் இருக்கிறது, தெருவைக் கேட்கத் தேவையே இல்லை.

அரியர் தம்பிக்கு ஒரு செய்தி: முகபாவனையைப் பார்த்து மார்க் போடுவதை விட்டுவிட்டதாக, வீடியோ இன்டர்வியூ மென்பொருள் விற்கும் ஹயர்வியூ நிறுவனம் 2021ல் அறிவித்தது. அதுவரை எத்தனை பேர் கேமராவைப் பார்த்து வீணாகச் சிரித்தார்களோ.

முதல் பதிவில் 1.26 மணி என்று படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஓர் அமெரிக்க வழக்கு. நாற்பது வயது தாண்டிய ஒருவர், கறுப்பினத்தவர், ஒர்க்டே என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளுக்குப் போட்டு எல்லாவற்றிலும் நிராகரிக்கப்பட்டதாக 2023ல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார். அதில் ஒரு மெயில் விண்ணப்பித்த ஒரு மணி நேரத்துக்குள், அதிகாலை 1.50க்கு வந்தது என்பது வழக்கு ஆவணத்திலேயே இருக்கிறது. பாகுபாடு எதுவும் இல்லை என்று நிறுவனம் மறுக்கிறது. ஆனால் 2025 மே மாதம், வயதுப் பாகுபாடு பற்றிய பகுதியை நாற்பது தாண்டிய மற்றவர்களும் சேரக்கூடிய கூட்டு வழக்காக நடத்த நீதிபதி முதற்கட்ட அனுமதி கொடுத்தார். அந்த மனிதர் செய்தது என்ன? அம்மா கேட்ட "யாரு?" என்ற அதே கேள்வியை கோர்ட்டில் கேட்டார்.

நியூயார்க் நகரத்தில் 2023 ஜூலையிலிருந்து இப்படிப்பட்ட கருவியைப் பயன்படுத்தினால் வருடாவருடம் வெளியாள் வைத்துத் தணிக்கை செய்ய வேண்டும், விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் மெஷின் மட்டுமே எடுத்த முடிவை எதிர்த்து ஒரு மனிதர் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை. அதனால் துரைப்பாக்கத்திலிருந்து எழுதிக் கேட்க இப்போதைக்கு முகவரி கிடையாது.

---

எச்ஆர்_பேசுறேன் | புதன், மாலை 6.30

மணி சொன்னதோடு ஒன்று. 2021ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்செஞ்சரும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டன. தகுதியான ஆட்களே எங்கள் வடிகட்டியில் சிக்கி வெளியே போகிறார்கள் என்று ஒத்துக்கொண்ட முதலாளிகள் 88 சதவீதம். ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தால் தூக்கிவிடும்படி ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் வைத்திருந்தன. தோழி, உங்களுக்கு ஏழாவது மாதம் என்றீர்கள். ஆறாவது மாதம் தாண்டிய பிறகு அழைப்புகள் சட்டென்று நின்றனவா?

---

துரைப்பாக்கம்_ஸ்டாப் | புதன், இரவு 9.12

ஆமாம். நின்றன. அந்த நான்கு அழைப்பும் அதற்கு முன்னால் வந்தவைதான்.

ஐயோ மேடம், இதைத் தெரிந்துகொண்டது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. ஒரு மாதமாக நான் என்ன மாறிவிட்டேன், என்ன மறந்துவிட்டேன் என்று என்னையே கிண்டிக் கிழித்துக்கொண்டிருந்தேன். செலினியம் என்ற டெஸ்டிங் மென்பொருள் பாடத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன். காலண்டரில் ஒரு தேதி தாண்டியது, அவ்வளவுதானா.

---

திருவான்மியூர்_நடை | புதன், இரவு 10.05

மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அறிவுரை கேட்காத இடத்தில் சொல்லமாட்டேன், ஒரு பழைய கதை மட்டும். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியன்தால் என்று ஒரு ஊர், ஊரே நம்பியிருந்த நூற்பாலை மூடிவிட்டது. வியன்னாவிலிருந்து சமூக உளவியல் ஆய்வாளர் மாரி யஹோடாவும் கூட்டாளிகளும் போய் ஊரோடு தங்கிப் பார்த்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்று தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தை அளந்தார்கள். வேலை போன ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது.

அங்கே ஊர் முழுவதும் சேர்ந்து வேலை இழந்தது, யார் மேல் தப்பு என்ற கேள்வியே வரவில்லை, மூடிய ஆலை எல்லோர் கண்ணெதிரிலும் நின்றது. இப்போது என்னிடம் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒரு பழக்கம்: மெயில் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும், ஸ்விக்கி விளம்பரமாக இருந்தாலும்.

---

நெறியாளர் | புதன், இரவு 10.20

இழை நன்றாகப் போகிறது, உங்களை நிராகரித்த கம்பெனிகளின் பெயரை எழுதாமல் இருப்பதற்கு நன்றி. யாருக்காவது ராத்திரியில் ரொம்பவே முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

---

அரியர்_மன்னன் | புதன், இரவு 10.41

எனக்கு விறைப்பதில்லை, வயிற்றைக் கலக்கும். ஸ்விக்கிக்கும்தான்.

பேப்பர் ஐயா, நான் உங்கள் மீசைக்காரரைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். இனிமேல் ரிஜெக்ட் வந்தால் அவரைத் திட்டுவேன்.

---

பழைய_பேப்பர் | வியாழன், காலை 6.15

தாராளமாக எடுத்துக்கொள் தம்பி. போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனாலும் தாங்குவார்.

---

எச்ஆர்_பேசுறேன் | வியாழன், மதியம் 12.50

இன்று ஆபீசில் அந்த இரண்டு நாள் தாமதத்தை எடுத்துவிட்டேன். "கவனமாகப் பரிசீலித்தோம்" என்பதையும் மாற்றி, "உங்கள் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும் முன்பே இடம் நிரம்பிவிட்டது" என்று எழுதிப் பார்த்தேன். மேலதிகாரி விடவில்லை, கம்பெனிக்குக் கெட்ட பெயராம். பழைய வாசகமே போகிறது. தாமதம் எடுத்ததை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

---

துரைப்பாக்கம்_ஸ்டாப் | வியாழன், இரவு 8.33

இன்று காலை இன்னொரு ஃபார்ம். அதே கட்டம், அதே சிவப்பு எழுத்து. அப்பாவை இனிமேல் இதற்குள் இழுக்க வேண்டாம் என்று தோன்றியது. முதற்பெயரிலும் கடைசிப் பெயரிலும் என் பெயரையே போட்டேன். ஏற்றுக்கொண்டது, அதற்கென்ன வந்தது.

மதியம் 3.40க்கு மெயில். "அன்புள்ள" என்று தொடங்கி என் பெயர், உடனே மறுபடியும் என் பெயர். வேண்டாம் என்றுதான் வந்திருக்கிறது. அம்மாவிடம் அப்படியே தமிழில் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு தடவ கூப்டிருக்கான், பரவால்ல" என்றார்.